அப்புக்காத்தும் பிறக்கிராசியும்

அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு: எங்கள் தோப்பூர் முதியோர் வாயில் இன்றும் வழங்கும் இச்சொற்கள் ஐரோப்பியர் ஆட்சி விட்டுச்சென்றவை. தமிழ் கற்பிக்கும் எனக்குச் சொற்களின் பிறப்பில் ஆர்வமுண்டு. ஆனால் இவற்றின் பின்னே நின்ற ஏணியே அதனினும் கவனிக்கத்தக்கது.

பிறக்கிராசி மக்களை நேரிற் கண்டு வழக்கைக் கேட்டவர். பத்திரங்களைத் தயாரித்துக் கீழ் மன்றுகளில் தோன்றியவர். உயர் நீதிமன்றிலே வாதிடும் உரிமை அப்புக்காத்துக்கே இருந்தது. அவரைப் பிறக்கிராசியின் வழியாக அணுகுவதே முறை. நொத்தாரிசோ உறுதி முடிப்பவர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம், 1974 சனவரி முதல் அப்புக்காத்தையும் பிறக்கிராசியையும் ‘சட்டத்தரணி’ என ஒன்றாக்கியது. வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. ஆயினும் பெயர் ஒன்றானால் ஏணி மறைந்துவிடுமா? குடியியல் வழக்கிலே பதிவுச் சட்டத்தரணி ஒருவர். எழுந்து வாதிடுபவர் பெரும்பாலும் வேறொருவர். கட்டணமும் இரண்டு. 1984இல் ‘சனாதிபதி சட்டத்தரணி’ என்ற உயர்படியும் சேர்ந்தது. அரசுக்காகத் தோன்றச் சட்டமா அதிபர் திணைக்களத்து அரச சட்டவாதிகள் உளர். ஏழைக்காகத் தோன்றுபவர் யார்?

எழுத்தறிந்த வாத்தியார் என்பதால் அயலவர் சிலர் என்னிடம் உறுதிகளை வாசிக்கக் கொண்டுவருவர். 2006இல் மூதூர்ப் பகுதியிற் போர் மூண்டபோது எங்களூர் மக்களும் ஓடினர். அத்தகைய ஓட்டத்திலே பிள்ளையைத் தூக்குபவர் பெட்டியைத் தூக்குவதில்லை. மறுபுறம், 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் ஒருவர் பத்தாண்டு தடையின்றி ஆண்ட காணி அவருக்கே உரித்தாகக்கூடும். இடம்பெயர்ந்தோர் இதனால் இழப்படையாவண்ணம் 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலம் கணக்கில் நீக்கப்படும் என்றது. ஆனால் வழக்கிட அது தந்த அவகாசம் இரண்டாண்டு மட்டுமே. தினக்கூலிக்குப் போகும் எத்தனை பேர் காதில் அச்செய்தி வேளைக்கு விழுந்திருக்கும்?

குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்டத்தரணி மூலம் தம் பக்கத்தைக் கூறலாம் என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. கட்டணம் யார் கொடுப்பது என்று அது கூறவில்லை. அவ்வாண்டே நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றோருக்காக வழக்குப் பேசுகிறது. அது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, மக்களின் உரிமை. அந்த அலுவலகம் எங்கிருக்கிறது என்பதைத் தலைநகர்களின் பெயர்களோடு சேர்த்து நம் மாணவர் அறிந்திருக்க வேண்டாமா?

ஆசிரியத் தோழர்களே, இலக்கணத்தோடு ஓர் உறுதியின் நான்கெல்லையை வாசிக்கவும் கற்பிப்போம். நாளை சட்டம் பயிலப்போகும் மாணவரிடம் ஒன்று சொல்வோம்: சட்டத்தரணிகளுள் வகை பல இருக்கலாம்; ஆனால் வாசலில் நிற்கும் ஏழையை உள்ளே அழைப்பவர், அழைக்காதவர் என்ற பிரிவே மக்கள் நினைவில் நிற்கும்.