காலில்லாத வீரனும் பாசி படிந்த பாறையும்

சென்ற பெருநாள் விடுமுறையில், வாணியம்பாடியிலுள்ள மைத்துனர் வீட்டிலிருந்து ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். ஆலங்காயத்தைத் தாண்டி வண்டி மலையேறியது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடத்தைக் காட்டி, 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது மகன் காதில் வாங்கவில்லை. எதிரே தெரிந்த செங்குத்துச் சரிவைப் பார்த்து, "ஸ்கைரிமில் இதைக் குதித்துக் குதித்தே ஏறிவிடலாம், அத்தா" என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து, பீமன் அருவியருகே பாசி படிந்த பாறையில் அவன் கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த விளையாட்டைத் தூக்கி எறியவேண்டும் என்பதே என் முதல் கோபம். ஆனால், அதை ஒருநாளும் அவனருகே அமர்ந்து பார்த்தவனல்லன் நான். கட்டுப்போட்ட கையால் அவனால் ஆட இயலாததால், அவன் வழிசொல்ல நான் ஆடினேன்.

2011-இல் வெளிவந்த ஸ்கைரிமில் வீரனின் கண்வழியாகவே உலகைக் காணலாம். குனிந்து பார்த்தேன்; கால்கள் இல்லை! இரு கைகளும் வாளும் மட்டும் காற்றில் மிதந்தன. மேசையில் மோதினால் தட்டுகள் உருண்டு சிதறுகின்றன. அதற்கு ஹாவோக் என்னும் இயற்பியல் மென்பொருள் இருக்கிறதாம். திரை நொடிக்கு 60 சட்டங்களுக்கு மேல் ஓடினால் அந்தக் கணக்கு குழம்பி, பாத்திரங்கள் தாமாகவே பறக்கும் என்று அவன் சிரித்தான். தொடக்கத்தில் 300 அளவு வரை சுமக்கலாம். மிஞ்சினால் ஓட முடியாது. தங்கக் காசுக்கு மட்டும் எடையே கிடையாது, எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் சரி. ஜகாத் கொடுக்கத் தயங்கும் நம் செல்வர்கள் சிலருக்கு மிகவும் பிடித்துப்போகும் உலகம் அது.

மலையுச்சியிலிருந்து குதிக்குமுன் ஆட்டத்தைச் சேமிக்கச் சொன்னான். குதித்தேன், செத்தேன். ஒரு பொத்தானை அழுத்த, மீண்டும் உச்சியில் நின்றேன். "அருவியில் வழுக்கியபோது இந்தப் பொத்தான் நினைவுக்கு வந்ததா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இல்லை அத்தா. கலிமா வந்தது. பாதிதான் சொல்ல முடிந்தது" என்றான். மேற்கொண்டு ஆட எனக்குக் கை வரவில்லை.

ஸஜ்தாவில் ஏழு உறுப்புகள் தரையைத் தொடவேண்டும் என்பதைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகச் சொல்வான். நெற்றியும் மூக்கும் சேர்ந்து ஒன்று. பிறகு இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள். வலக்கையை ஊன்ற முடியாத அந்த வாரங்களில், இயன்றவாறு தொழுதால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆறுதல் சொன்னார். "ஒரு கை இல்லாவிட்டால் உடம்பெல்லாம் ஒருபக்கம் சாய்கிறது, அத்தா. இத்தனை நாள் இந்தக் கை இவ்வளவு தாங்கியதே தெரியவில்லை" என்று ஓரிரவு சொன்னான்.

விளையாட்டு இன்னும் கணினியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், நானும் உடனிருக்க, என்று பேசி முடித்திருக்கிறோம்.

கட்டவிழ்த்த அன்று மஃரிபில் அவனருகே நின்றேன். என் பார்வை ஸஜ்தா இடத்தைவிட்டு விலகியதை ஒப்புக்கொள்கிறேன். அவன் உள்ளங்கையைப் பாயில் மெல்ல வைத்து, சிறிது அழுத்திப் பார்த்து, பிறகு முழு எடையையும் இறக்கினான். கை தாங்கியது.