லெஃப்ட் அவுட்

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து நாங்கள் கிழவர்கள் போட்ட சண்டைகளிலேயே நீளமானது எது என்று கேட்டால், மைக்கேல் சூசைராஜை எந்த இடத்தில் ஆட வைக்க வேண்டும் என்ற சண்டைதான். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடியது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் பின்னால் வரும்.

வெளியூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒரு விவரம். நீரோடியில் தொடங்கி இரையுமன்துறை வரை நம் ஊர்கள் எல்லாம் ஒரே வரிசை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் வீடுகள், கோயில், கோயிலுக்கு முன்னால் மைதானம். ஆண்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போவார்கள். கரையில் இருக்கிற நாட்களில் பந்து ஆடுவார்கள். ஆட முடியாத வயது வந்ததும் சுவரில் உட்கார்ந்து, ஆடுகிறவனைக் குறை சொல்வார்கள். நான் இப்போது இந்த மூன்றாம் வகை.

சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். உடன்பிறந்த ரெஜினும் நல்ல ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணிக்காக சூசைராஜ் ஐ-லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, அந்த அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்திருந்தது. எங்கள் சுவரிலிருந்து நாலு பேர் ரயில் ஏறிப் போய் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது மதுரை தாண்டுகிற வரை யாரும் தூங்கவில்லை. ஓரத்தில் பந்து வாங்கி, எதிராளியை நேருக்கு நேர் பார்த்து நின்று, தோளை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் போகிற ஆட்டம். அதை டி.வி.யில் பார்ப்பது வேறு, இருபது அடி தூரத்தில் பார்ப்பது வேறு.

2018ல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை ஐ.எஸ்.எல்.லுக்குக் கொண்டுபோனது. அப்போது ஆரம்பித்தது சண்டை. ஒருவர் சொன்னார், பையனை ஓரத்தில் நிறுத்துவது வீண், நடுவில் ஃபார்வர்டுக்குப் பின்னால் விட்டால் ஆட்டத்தையே நடத்துவான் என்று. இன்னொருவர், ஓரத்துக்காரனை நடுவில் விட்டால் இரண்டு பக்கமும் இடி வாங்குவான், கோடு ஒரு பக்கம் காவல் இருக்கட்டும் என்றார். வேகம் போதாது என்றார் மூன்றாமவர். அவர் வாழ்நாளில் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. 2019 ஜூனில் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பையில் சூசைராஜ் இந்தியச் சட்டை போட்டபோது ஒரு வாரம் மட்டும் எல்லோரும் ஒரே கட்சியாக இருந்தோம்.

அந்த வருஷமே அவர் கொல்கத்தா ஏ.டி.கே. அணிக்குப் போனார். பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ். 2014ல் அதே அணிக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்பெயின்காரர். பின்னால் மூன்று பேக், நடுவில் ஐந்து பேர், முன்னால் இரண்டு பேர் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் லெஃப்ட் அவுட் என்று ஒரு ஆளே கிடையாது. இடது ஓரம் முழுக்க ஒரே ஆள். எதிரி வரும்போது லெஃப்ட் பேக், நம் பந்து போகும்போது லெஃப்ட் அவுட். இதற்கு விங் பேக் என்று பெயர். இரண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள். வலது ஓரத்தை பிரபீர் தாஸ் பார்த்துக்கொண்டார், இடது ஓரத்தை சூசைராஜிடம் கொடுத்தார் ஹபாஸ்.

சுவரில் கொந்தளிப்பு. "எதிராளியைத் தாண்டத் தெரிஞ்சவனை எதிராளிக்குக் காவல் போடுவானா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் உரக்கக் கேட்டது நான். எழுபது கெஜம் பின்னால் ஓடிவிட்டு வருகிறவனுக்கு, முன்னால் வந்து காலை ஆட்டிக் காட்ட மூச்சு எங்கே இருக்கும் என்பது என் வாதம்.

ஹபாஸுக்காகப் பேசியது ஒரே ஒருவன். என்னைவிட நாலு வயது இளையவன். சொந்தப் பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவன் 'லெஃப்ட்'. பத்து வயதில் இடது காலால் மட்டுமே அடிப்பான் என்பதால் வந்த பெயர். கொச்சி தோப்பும்படியில் படகு ஓட்டி, முட்டு தேய்ந்து கரைக்கு வந்தவன்.

"முன்னால நிக்கியவனுக்குப் பந்து மட்டுந்தான் தெரியும். பின்னால நின்னு பாத்தவனுக்குப் பதினொண்ணு பேரும் தெரியும். அவன் இந்த ஒரு வருஷத்தில பாக்கப் படிக்கியான். பாருங்க நீங்க" என்பான். ஜகாலோவின் கதையைச் சொல்லுவான். பிரேசிலுக்கு 1958லும் 1962லும் உலகக் கோப்பையில் இடது ஓரத்தில் ஆடியவர் அவர். மற்ற லெஃப்ட் அவுட்கள் எல்லாம் முன்னால் பந்துக்குக் காத்து நின்ற காலத்தில், ஓடி வந்து பின்னால் உதவி செய்த ஆள். குட்டி எறும்பு என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. வலது பக்கம் கரிஞ்சா அத்தனை வித்தை காட்ட முடிந்தது, இடது பக்கம் எறும்பு ஓடிக்கொண்டிருந்ததால்தான் என்பது லெஃப்டின் கட்சி. அவனுடைய பேரன், பக்கத்தில் நின்று, கேரத் பேலை இழுப்பான். 2007ல் டாட்டன்ஹாமுக்கு லெஃப்ட் பேக்காக வந்தவர். முதல் 24 லீக் ஆட்டங்களில் அவர் இறங்கியபோது அணி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ராசியில்லாதவன் என்றார்கள். பிறகு முன்னால் தள்ளினார்கள். 2010ல் மிலானில் இன்டர் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், 2013ல் ரியல் மாட்ரிட் வாங்கிக்கொண்டு போனது. இந்தக் கதை எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டு கட்சியும் எடுத்துக்கொண்டது.

லெஃப்ட் பேசும்போது மட்டும் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். கடலைப் பார்ப்பேன். அதற்குக் காரணம் 1979.

அப்போது எனக்கு இருபத்தொன்று, அவனுக்குப் பதினேழு. நான் ஊர் அணியின் கேப்டன். அவன் எங்கள் லெஃப்ட் அவுட். ஈஸ்டர் கழிந்து நடக்கிற டோர்னமென்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் லெஃப்ட் பேக்குக்குத் துபாய் விசா வந்துவிட்டது. ஆளைத் தேடினோம். எல்லோரும் ஃபார்வர்ட் ஆடப் பிறந்தவர்கள், பேக் ஆட ஒருவனும் கிடையாது. நான் லெஃப்டைக் கூப்பிட்டு, "மக்கா, இந்த டோர்னமென்ட் மட்டும் பேக் ஆடு. ஒனக்கு நல்ல ஓட்டம் இருக்கு, இடது காலும் இருக்கு. அணிக்கு ஆள் இல்லை" என்றேன். சரிண்ணே என்றான். கேப்டன் சொன்னால் அந்தக் காலத்தில் அவ்வளவுதான்.

அணிக்கு ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் சொன்ன காரணத்தில் பாதிதான் அது. மீதிப் பாதியை நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு லெஃப்ட் அவுட் ஆட ஆசை. நான் உள்ளே, லெஃப்ட் இன் இடத்தில், அவனுக்குப் பந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போயிருந்தேன். கோட்டோரம் நிற்கிற ஜனம் முழுக்க அவன் பெயரைத்தான் கத்தும். அவன் பின்னால் போனதும், காலியான இடத்தில் வேறு யாரையும் யோசிக்காமல் நானே போய் நின்றேன்.

அந்த டோர்னமென்டைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கம்பெனி அணியின் ஆள் வந்திருந்தார். வருவார் என்று எங்களுக்கு முன்பே தெரியாது, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் கம்பெனி அணியில் இடம் என்றால் பந்தாட்டம் மட்டும் இல்லை, மாசச் சம்பளம். கடலுக்குப் போகாமல் ஒரு வாழ்க்கை. செமிஃபைனலில் எதிரணி ஃபார்வர்ட் ஆறடி. லெஃப்ட் ஐந்தடி நாலங்குலம். உயரப் பந்தில் இரண்டு தடவை அவன் தலைக்கு மேல் எம்பி, இரண்டும் கோல். நாங்கள் தோற்றோம். வந்தவர் எதிரணியிலிருந்து ஒரு ஹாஃப் பேக்கின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சீசனுக்கு முன் லெஃப்ட் அவன் அப்பாவோடு கடலில் இறங்கிவிட்டான். நான் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போனேன்.

2020 மார்ச் 14ந்தேதி ஃபைனல். கோவா ஃபட்டோர்டாவில், கொரோனாவுக்காக ஆளே இல்லாத ஸ்டேடியம். ஏ.டி.கே.க்கு எதிரே சென்னையின் எஃப்.சி. யாருக்குக் கை தட்டுவது என்று எங்களுக்குத் தர்மசங்கடம். ஏ.டி.கே. 3-1 ஜெயித்தது. "சொன்னேன்லா" என்றான் லெஃப்ட். அதோடு முடிந்தது வாதம் என்று நினைத்தோம்.

அந்த நவம்பரில் அடுத்த சீசன் ஆரம்பமானது. அணி இப்போது ஏ.டி.கே. மோகன் பகான். 20ந்தேதி முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸோடு. ஆரம்பித்து கால் மணி நேரத்துக்குள் சூசைராஜ் முட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வெளியே கொண்டுபோனார்கள். முட்டில் நரம்பு போன காயம் என்று பிறகு தெரிந்தது. நீண்ட நாள் அவரைத் திரையில் பார்க்க முடியவில்லை. பிறகு ஒடிஷா அணிக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் சுவரில் ஒருவரும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. நடுவோ, ஓரமோ, முன்னாலோ, பின்னாலோ, பையன் ஆடினால் போதும் என்று ஆகிவிட்டது. ஏழு மணிக்கு எழுந்து நானும் லெஃப்டும் ஒன்றாக நடந்தோம். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. முகத்தில் மாஸ்க் இருந்ததால் இருக்கலாம்.

"தம்பி, அந்த வருஷம் ஒன்ன நான் பேக் ஆட வச்சேன்லா" என்றேன்.

"ஆமா."

"அணிக்கு ஆள் இல்லன்னு சொன்னேன். அது மட்டும் இல்லடே. எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்திச்சு."

அவன் நிற்கவில்லை. முட்டு வலியோடு அதே நடை. "தெரியும்ணே" என்றான்.

"எப்பம் தெரியும்?"

"முதல் ஆட்டத்திலயே தெரியும். நீங்க வலது காலுக்காரரு. பந்து வரும்போதெல்லாம் அத உள்ள இழுத்து, வலது காலுக்கு மாத்தி, அப்புறமாட்டு அடிச்சிய. இடது பக்கத்தில அப்பிடி ஒரு மனுசன் எதுக்கு நிக்கணும்? ஆசையில்லாம நிப்பாரா?"

நான் என்ன சொல்வது. கோபம் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றான். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "கடல்ல ஏறின முதல் மழைக்காலம் முழுக்க இருந்திச்சு. பிறகு அதுக்கு எங்க நேரம்" என்றான். அவன் வீட்டுத் திருப்பம் வந்துவிட்டது. போய்விட்டான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் சுவரில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

இதை எழுத இப்போது காரணம், அவனுடைய இளைய பேரன். பன்னிரண்டு வயது. தாத்தாவின் இடது கால் அப்படியே வந்திருக்கிறது. ஆனால் பயிற்சி கொடுக்கிற தம்பி அவனை வலது ஓரத்தில் நிறுத்துகிறான். எங்கள் காலத்தில் இடது காலுக்காரன் இடது கோட்டை ஒட்டி ஓடி, கொடிக்கம்பம் வரை போய், கோல் முகத்துக்குக் கிராஸ் போட வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இப்போது எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார்கள். பந்தை உள்ளே இழுத்தால் நல்ல கால் கோலைப் பார்த்து இருக்கும், நேராக அடிக்கலாம். ஸ்பெயினின் லாமின் யமால் 2024 யூரோ செமிஃபைனலில் பிரான்சுக்கு எதிராக, பதினேழு வயதுகூட முடியாமல், வலது பக்கமிருந்து உள்ளே வந்து இடது காலால் சுழற்றிப் போட்ட கோலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து ஊரில் இடது காலுக்காரப் பையன்கள் எல்லாம் வலது பக்கம்தான் நிற்கிறார்கள். இன்வெர்ட்டட் விங்கர் என்று பெயர் சொன்னான் பயிற்சியாளன். 1979ல் நான் அதைத்தான் மறுபக்கம் நின்று செய்துகொண்டிருந்தேன், காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டேன் என்று சொன்னேன். லெஃப்ட் சிரித்தான். கொஞ்சம் நேரம் கூடவே சிரித்தான்.

போன சனிக்கிழமை பேரனைப் பற்றிச் சுவரில் பெரிய சபை. வலது பக்கமே இருக்கட்டும் என்று மூன்று பேர். இடது கோட்டுக்கே மாற்று, கிராஸ் போடத் தெரியாத விங்கர் என்ன விங்கர் என்று இரண்டு பேர். வேகம் போதாது என்று அதே பழைய ஆள். லெஃப்ட் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தான். என் முறை வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணன் மட்டும் சொல்லாண்டாம்" என்று என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனான்.

மணலில் பையன் பந்தை உள்ளே இழுத்து இடது காலால் அடித்தான். கம்பத்துக்கு வெளியே போய்க் கடலில் விழுந்தது. எடுக்க ஓடினான்.