வார்சாவில் ஒரு வெங்காய சூப்

1/ ஒரு சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷத்துக்கு மேல நான் உட்கார்ந்து பல வருஷம் ஆச்சு. டூட்டி ரூம்ல நின்னுகிட்டே இட்லி. கேஸ் வந்துட்டா அப்படியே மூடி வெச்சுட்டு ஓட்டம். போன நவம்பர்ல தம்பியைப் பார்க்க போலந்து போனேன். வார்சாவில் ஐடி வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பிரெஞ்சு பிஸ்ட்ரோவில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ போலந்துக்குப் போய் பிரெஞ்சு சாப்பாடான்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். "நாலு நாளா பியரோகியே சாப்பிடுறோம்ணா, இன்னைக்கு மாத்துவோம்" என்றான் தம்பி. பியரோகி என்பது நம்ம சோமாசு வடிவத்தில் வேகவைத்த கொழுக்கட்டை. உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும். நல்லாத்தான் இருக்கும், ஆனா நாலு நாள் ஜாஸ்தி.

3/ அன்னைக்குக் காலையில ஹோலி கிராஸ் சர்ச்சுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தூணுக்குள்ளே இசைமேதை ஷோபினின் இதயம் இருக்கு. உவமை இல்லைங்க, நிஜ இதயம். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா போலந்துக்காரர். 1849-ல் பாரிஸில் இறந்தார், வயசு 39. உடம்பு பாரிஸ் கல்லறையில். இதயத்தை மட்டும் ஒரு ஜாடியில் போட்டு அவருடைய அக்கா லுட்விகா வார்சாவுக்குக் கொண்டு வந்தார். ஜாடியில் இருப்பது கோன்யாக் என்று நம்புகிறார்கள்.

4/ 2014-ல் மருத்துவர்கள் அந்த ஜாடியைத் திறக்காமலே வெளியிலிருந்து ஆராய்ந்தார்கள். 2017-ல் கட்டுரை வந்தது. இதயத்தின் மேல் வெண்மையான படலம். காசநோய் இதய உறையைத் தாக்கி, அதனால் இறந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. வாரா வாரம் டிபி நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு அந்தத் தூணுக்கு முன்னாடி கால் நகரலை.

5/ வார்சாவில் நவம்பர் கடைசியில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிடும். குளிரில் நடுங்கிக்கிட்டே அந்த பிஸ்ட்ரோவுக்குள்ள நுழைஞ்சோம். பிஸ்ட்ரோன்னா பெரிய ஹோட்டல் இல்லை. நம்மூர் மெஸ் மாதிரி. நெருக்கமா மேஜைகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதின மெனு. வெங்காய சூப் 40 ஸ்வோட்டி. மனசுக்குள்ள ரூபாயாக்கிப் பார்த்தேன். ஆயிரத்தை நெருங்குச்சு. "கணக்கு போடாதண்ணா" என்றான்.

6/ முதல்ல பிரெட்டும் வெண்ணெயும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷ பேத்தாலஜியில், இதய உறை அழற்சியில் படியும் அந்த வெண்படலத்துக்குப் பேரே 'பிரெட் அண்ட் பட்டர்' தோற்றம். வெண்ணெய் தடவின ரெண்டு பிரெட்டை ஒட்டிப் பிரிச்சா எப்படி இருக்கும், அப்படி. தம்பிகிட்ட சொன்னேன். "சாப்பிடுறப்பவாவது டாக்டரா இருக்காத!"

7/ சூப் வந்தது. வெங்காயத்தை வெண்ணெயில், சின்னத் தீயில், முக்கால் மணி நேரமாவது வதக்கணும். தீயைக் கூட்டினா கருகிடும். அது தேன் நிறத்துக்கு வந்து இனிக்க ஆரம்பிச்ச பிறகு மாட்டெலும்புச் சாறு. மேலே காய்ந்த ரொட்டி, அதன் மேல் சீஸ், அப்படியே அடுப்பில் பழுக்க வைக்கிறாங்க. அவசரப்பட்டு முதல் ஸ்பூனில் நாக்கைச் சுட்டுக்கிட்டேன். டூட்டி ரூம் பழக்கம். ரெண்டாவது ஸ்பூனை ஊதிச் சாப்பிட்டேன். நாலாவது ஸ்பூன்ல தோளெல்லாம் தளர்ந்துச்சு.

8/ அடுத்து வாத்து கான்ஃபி. வாத்துக்காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெதுவா வேகவைப்பது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் கறியைக் கெடாமல் வைக்கக் கண்டுபிடிச்ச வழி. நம்ம உப்புக்கண்டத்துக்கு உறவு. தோல் மொறுமொறுன்னு, கறி முள்ளுக்கரண்டி பட்டாலே உதிருது. பக்கத்தில் போலந்து வழக்கப்படி சிவப்பு முட்டைக்கோஸ். பிரெஞ்சு அப்பா, போலந்து அம்மா ஒரே தட்டில்.

9/ "ஸ்மாச்னேகோ" என்றார் பரிமாறினவர். நல்லா ருசிச்சுச் சாப்பிடுங்கன்னு அர்த்தமாம். அந்த நேரத்துல எனக்கு ரெண்டு பேர் ஞாபகம் வந்தாங்க.

10/ ஒரு அம்மா. டிபி. வார்டுக்கு வரும்போது 29 கிலோ. மருந்தெல்லாம் சரியாத்தான் கொடுத்தோம். ஒரு வாய் கஞ்சி இறங்கலை. ரெண்டாவது வாரம் இறந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி என்னாலயும் சாப்பிட முடியலை. அதுக்கப்புறம் சாப்பாடுன்னா எனக்கு வயித்துல போடுற ஒண்ணு, அவ்வளவுதான்.

11/ இன்னொருத்தன், 24 வயசுப் பையன். 38 கிலோ. மருந்து ஆரம்பிச்சு அஞ்சாவது வாரம், ராத்திரி ரவுண்ட்ஸ்ல, "சார், பரோட்டா திங்கணும் போல இருக்கு" என்றான். ஸ்டாஃப் சிஸ்டர் சிரிச்சே விட்டாங்க. எக்ஸ்ரே வேண்டாம், அந்த ஒரு வாக்கியம் போதும். அடுத்த எடை 41.

12/ ஷோபின் சுமார் 170 செ.மீ. உயரம், எடை 45 கிலோவுக்கும் கீழே என்று மருத்துவக் கட்டுரைகள் சொல்கின்றன. பிஎம்ஐ 16-ஐத் தொடாது. அன்னைக்கு மருந்து இல்லை. டிபி கிருமியை ராபர்ட் காக் அறிவிச்சதே 1882-ல்தான். இன்னைக்கு மருந்து இருக்கு. ஆனா அந்த அம்மா மாதிரி எடையோட இன்னும் வர்றாங்க.

13/ ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு, 2023-ல் லான்செட்டில் வந்தது. டிபி நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு கொடுத்தாங்க. அந்த வீடுகளில் புதுசா டிபி வருவது 39% குறைஞ்சது. தடுப்பூசி இல்லை. சோறு, பருப்பு.

14/ அதனால உங்க வீட்டிலோ தெருவிலோ யாராவது டிபி மருந்து எடுத்தா, நாலு விஷயம். மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. மாசாமாசம் எடை பாருங்க, ஏறலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. முட்டை, பருப்பு, வேர்க்கடலை தட்டில் இருக்கட்டும். அரசு கொடுக்கிற மாதம் ₹1000 ஊட்டச்சத்துத் தொகை வங்கிக் கணக்கில் வருதான்னு கேளுங்க. அது உரிமை.

15/ கடைசியா க்ரெம் ப்ரூலே. மேலே இருக்கிற சர்க்கரைக் கண்ணாடியை ஸ்பூனால் தட்டி உடைச்சோம். ஹெச்பிஏ1சி மன்னிக்கட்டும். "அண்ணா, நீ தட்டைக் காலி பண்ணி எத்தனை வருஷமாச்சுன்னு தெரியுமா?" என்றான் தம்பி. குனிஞ்சு பார்த்தேன். ஆமா, காலி.

ஊருக்கு வந்து மூணு மாசமாச்சு. டூட்டி ரூம்ல இப்போ ஒரு நாற்காலி போட்டிருக்கேன். கேஸ் வந்தா ஓடத்தான் செய்யணும். வராத நாள்ல உட்கார்ந்து சாப்பிடுறேன்.