நட்சத்திரத்தை விரிப்பது யார்?

நட்சத்திரக் குறி உள்ள எந்தக் கமாண்டையும் நான் நேராக ஓடவிடுவதில்லை. முதலில் 'எக்கோ' என்ற சொல்லை முன்னால் போட்டு ஓட்டுவேன். திரையில் கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். நான் நினைத்த பெயர்கள்தானா, நினைக்காதது ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகுதான் கமாண்டை நிஜமாக ஓட்டுவேன். பதினாறு வருடப் பழக்கம் இது.

அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது ஒரே ஓர் இடைவெளி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்யும் சிறு குழு ஒன்றில் இருந்தேன். ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'டெம்ப்' என்று முடியும் தற்காலிகக் கோப்பு ஒன்றை விட்டுவைக்கும். மாலையில் அவற்றை அழிப்பது என் பொறுப்பு. 'ஆர்எம் *.டெம்ப்' என்று அடிக்க வேண்டும். அன்று நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் பட்டு, 'ஆர்எம் * .டெம்ப்' என்று விழுந்துவிட்டது. இருப்பதையெல்லாம் அழி, பிறகு '.டெம்ப்' என்ற கோப்பையும் அழி என்று அதற்குப் பொருள். கணினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. '.டெம்ப்' என்று எதுவும் இல்லை என ஒரு வரி மட்டும் வந்தது. மூன்று நாள் ஸ்கேன் செய்த பக்கங்கள் போய்விட்டன. தையல் விட்டுப்போன, தொட்டாலே உதிர்கிற தாள்கள் அவை. இரண்டாம் முறை கண்ணாடிமேல் வைத்தபோது சில தாள்களின் ஓரம் ஒடிந்து விழுந்தது. கோப்பு போனால் மறுபடி உண்டாக்கலாம், அந்த ஓரங்களை எப்படி உண்டாக்குவது?

அழிக்கும் கமாண்ட் 'எல்லாவற்றையுமா?' என்று ஏன் கேட்கவில்லை? அது நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நட்சத்திரத்தை விரிப்பது ஷெல். நாம் அடித்த வரியை வாங்கி, ஃபோல்டரைப் படித்து, பொருந்தும் பெயர்களை அடுக்கி, அந்தப் பட்டியலைக் கமாண்டின் கையில் கொடுக்கிறது. ஒவ்வொரு பெயரையும் நானே கையால் அடித்தேன் என்றுதான் கமாண்ட் நினைத்துக்கொள்கிறது. பெல் ஆய்வகத்தின் 1971-ஆம் ஆண்டு முதல் பதிப்பு யூனிக்ஸில் இந்த வேலைக்கென்றே 'குளோப்' என்ற தனி நிரல் இருந்தது. குளோபல் என்பதன் சுருக்கம். பி மொழியில் எழுதப்பட்டது. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த பார்ன் ஷெல் அந்த வேலையைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது, இன்றும் பைத்தானில் 'குளோப்' என்றுதான் கூப்பிடுகிறோம். விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டில் கதை தலைகீழ்: நட்சத்திரம் அப்படியே நிரலுக்குப் போகும், விரிப்பதும் விடுவதும் அந்த நிரலின் பாடு.

அதனால் என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது குறிகளின் பட்டியல் அல்ல. நட்சத்திரம் என்றால் எத்தனை எழுத்தும், கேள்விக்குறி என்றால் ஒரே எழுத்து, சதுர அடைப்பு என்றால் உள்ளே இருப்பவற்றில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விரிப்பது யார், எப்போது என்று கேட்கும் பழக்கம் வரத்தான் வருடக்கணக்காகிறது.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் வந்தான். "அக்கா, ஃபைண்ட் கமாண்ட் நேத்து ஓடுச்சு. இன்னைக்கு ஏதோ எர்ரர் காட்டுது. ஒரு எழுத்துகூட நான் மாத்தல." உள்ளே எங்கெங்கோ கிடக்கும் கோப்புகளையெல்லாம் தேட, 'பக்கம்*' என்று மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்திருந்தான். நேற்று அவன் நின்ற ஃபோல்டரில் 'பக்கம்' என்று தொடங்கும் கோப்பு எதுவும் இல்லை. பொருந்துவது எதுவும் இல்லாவிட்டால் பாஷ் ஷெல் நட்சத்திரத்தை விரிக்காமல் அப்படியே அனுப்பிவிடும். ஃபைண்டுக்கு வேண்டிய மாதிரி முழுசாகக் கிடைத்தது, வேலை நடந்தது. இன்று அங்கே இரண்டு பக்கங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிட்டது, ஃபைண்ட் குழம்பியது. ஒரே ஒரு பக்கம் இருந்திருந்தால் இன்னும் மோசம். எர்ரரே வராமல், அந்த ஒரு பெயரை மட்டும் தேடிக் கொடுத்திருக்கும். மேற்கோள் குறி போடு, விரிக்கும் வேலையை ஷெல்லிடமிருந்து வாங்கி ஃபைண்டிடம் கொடு என்றேன். இசட் ஷெல் இந்த இடத்தில் நேர்மையானது, பொருந்துவது எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பாஷிலும் 'ஃபெயில்குளோப்' என்ற அமைப்பைப் போட்டால் அப்படி நிற்க வைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் இயல்பிருப்பாக இருந்திருக்க வேண்டும். காலி ஃபோல்டரில் ஒரு சுழற்சி ஓடி, '*' என்ற பெயரில் ஒரு கோப்பு இருப்பதாக நம்பி வேலை செய்த நிரல்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பட்டியல் கிடைத்தால் மட்டும் போதாது, எந்த வரிசையில் கிடைக்கிறது என்பதும் பெரிய விஷயம். ஷெல் பெயர்களை எழுத்துவரிசைப்படி அடுக்கித் தருகிறது. எண்வரிசை அதற்குத் தெரியாது. 'பக்கம்-1', 'பக்கம்-10', 'பக்கம்-2' என்று வரும். பத்தாம் பக்கம் இரண்டாவதாக ஒட்டிய நூலை வாசகரே கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் எங்கள் குழு '001' என்று முன்னால் பூஜ்யம் வைக்கத் தொடங்கியது. பைத்தானின் குளோப் இந்த அளவுக்குக்கூட உறுதி தருவதில்லை. கோப்பு முறைமை எந்த வரிசையில் கொடுக்கிறதோ அப்படியே கொடுத்துவிடும்.

இது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு வேதியியலில் நடந்ததைச் சொல்வேன். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) நிறமாலையில் ஒரு மூலக்கூறு எங்கே கோடு காட்டும் என்று கணக்கிட, 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் சில பைத்தான் நிரல்கள் வெளியாயின. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை வெவ்வேறு கணினிகளில் ஓட்டியபோது, ஒரே தரவுக்கு வெவ்வேறு விடை வந்தது. நிரல் குளோப் கொடுத்த வரிசையை நம்பியிருந்தது. அந்த வரிசை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறியது. பட்டியலை வரிசைப்படுத்த ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும் பிழை. நடுவில் அந்த நிரல்களை நம்பிக் கணக்கிட்டவர்கள் தங்கள் விடைகளை மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

எனக்கு நெருக்கமான சிக்கல் இன்னொன்று, அது தமிழ்ப் பெயர்களில் வருவது. சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. பழைய மேக் கணினியில் சேர்த்துவைத்த நூல்கள், பெயரெல்லாம் தமிழில். எங்கள் லினக்ஸ் சர்வரில் ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்த்துவிட்டு, 'கோ*' என்று தேடினேன். கோயில் வரலாறுகளில் பாதிதான் வந்தது. 'க*' என்று தேடினால் எல்லாமே இருக்கின்றன. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. வேறு வேலையாக 'கே*' என்று தேடியபோது, கேரளத்துக்கும் கேள்விகளுக்கும் பின்னால் 'கோயில்' வந்து நின்றது. அப்போதுதான் பிடிபட்டது.

யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க, அதன்பின் ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகள். அல்லது க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று. கண்ணுக்கு ஒன்றுதான், நட்சத்திரத்துக்கு அல்ல. முதலாவது யூடிஎஃப்-8-இல் 6 பைட், இரண்டாவது 9 பைட். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து, இரண்டாம் வடிவத்தில்தான் வைக்கும். அந்த வட்டில் இருந்த ஒவ்வொரு 'கோ'வும் சர்வரின் கண்ணில் 'கே'யில் தொடங்கி ஒரு காலோடு முடிந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றவையும் விளங்கும். 'கு' நமக்கு ஓரெழுத்து, கேள்விக்குறிக்கு இரண்டு. 'கு' என்ற பெயருள்ள கோப்பைப் பிடிக்க '??' போட வேண்டும். '[கு]' என்று எழுதினால் 'கு' என்று பொருளாகாது. க அல்லது தனித்த உகரக் குறி, இரண்டில் ஒன்று என்றுதான் ஷெல் படிக்கும். 'தமிழ*' என்று தேடினால் 'தமிழ்' என்பதும் வரும், ஏனென்றால் புள்ளி தனிக் குறியீடு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெயர்களை நட்சத்திரம் விரிக்கும்போது 'பட்டியல் மிக நீளம்' என்ற எர்ரர் ஆங்கிலப் பெயர்களைவிடச் சீக்கிரம் வந்துவிடும். லினக்ஸில் அந்த எல்லை பொதுவாக 2 எம்பி அளவில் இருக்கும். அந்த இடத்தில் பட்டியலைப் பகுதி பகுதியாகக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் உதவும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதே, இந்தத் தொல்லையே இருக்காது என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நூலுக்குத் தமிழில் பெயர் இருக்கும்போது கோப்புக்கு மட்டும் ஏன் வேறு மொழி? செய்ய வேண்டியது ஒரு சிறு வேலை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும் உள்ளே எடுக்கும்போதே 'என்எஃப்சி' என்ற ஒருங்கு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தானில் ஒரே வரி. தேடும் மாதிரியையும் அதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் அந்த வரி திருத்தாது: 'கௌ' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெள' என்று அடித்துவைத்திருப்பார்கள். யூனிகோடுக்கு அவை வேறு வேறு எழுத்துகள். அதை ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும். எங்கள் குழுவில் இருவர் அதற்காகவே வாரம் ஒருமுறை உட்காருகிறோம்.

நூலகத்துக்கோ ஊர்க் கோயிலுக்கோ உங்கள் வீட்டுக்கோ தமிழ்ப் பெயர்களில் ஒரு சேகரிப்பை உருவாக்குகிறீர்கள் என்றால், இன்று ஒருமுறை அந்த ஃபோல்டரில் 'எக்கோ கே*' என்று அடித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஒரு கோயிலாவது வந்து நின்றால், மேற்கொண்டு ஒரு கோப்பைக்கூடச் சேர்க்காமல் முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்.