தானியம் இல்லாத பானம்

தேன் எல்லாரும் விரும்பும் பொருள். கள் பலரும் வெறுக்கும் பொருள். ஆயினும் பழந்தமிழில் இவ்விரண்டுக்கும் பொதுவான பெயருண்டு. நறவு என்னுஞ் சொல் தேனையுங் குறிக்கும், கள்ளையுங் குறிக்கும். தேனினால் ஆக்கி மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் கூறுகின்றது. இது வெறுஞ் சொல்லுறவு அன்று. இனிப்பும் நீரும் சேர்ந்த இடத்தில் மதுவம் என்னும் நுண்ணுயிர் குடியேறிவிட்டால், இனிப்பு மதுசாரமாக மாறிவிடும்.

கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் இதனைத் தன் வீட்டிலே செய்து பார்க்கின்றான். 20 லீற்றர் பானத்துக்கு 2 கிலோ மோல்ற் சாறும் 1½ கிலோ தேனும் எடுத்துக்கொள்கின்றான். சாற்றை நீரிற் கரைத்து, ஹொப் என்னும் கசப்புப் பூவையிட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கின்றான். அடுப்பை அணைத்தபின் தேனைச் சேர்த்து, ஆறியதும் மதுவத்தைத் தூவி மூடிவைக்கின்றான். நொதித்து முடிந்தால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்களவில் மதுசாரம் இருக்கும். சொந்த உபயோகத்துக்கு இவ்வாறு செய்ய அந்நாட்டில் இடமுண்டு, விற்கத்தான் கூடாது. நம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றி மது ஆக்குதல் குற்றமாகும்.

“மாமா, இதற்கு ஒரு மணி தானியமும் வேண்டாம்” என்று தொலைபேசியிற் பெருமையோடு கூறினான்.

“தானியம் உன் அடுக்களையில் இல்லை, தம்பி, நீ வாங்கிய தகரத்துக்குள்ளே இருக்கிறது” என்றேன்.

உண்மை அதுதான். தானியத்தில் இருப்பது மாப்பொருள். அதனை மதுவம் நேரே உண்ணமாட்டாது. ஆகையால் பார்லியை நனைத்து முளைகட்டி உலர்த்துகின்றனர். முளைக்கும்போது உண்டாகும் நொதியங்கள், வெந்நீரில் ஊறும்பொழுது மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. அந்நீரைச் சுண்டவைத்ததே மோல்ற் சாறு. நம் பிள்ளைகள் பாலிற் கலந்து பருகும் மோல்ற் மாவும் இவ்வழியில் வந்ததே. தேனின் கதையும் இத்தகையதே. பூவின் நீர்த்த மதுவை நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரையாகும்வரை இறுக்கிவைப்பது தேனீயின் உழைப்பு. ஈரம் குறைந்திருப்பதாலேயே தேன் புளிப்பதில்லை. நீர் விட்டாற் புளிக்கும். ஆனால், மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் உணவு தேனிற் குறைவு. அதனை மோல்ற் ஈடுசெய்கின்றது.

புங்குடுதீவின் இறுப்பிட்டியிற் பிறந்த எனக்கு, தானியம் வேண்டாத பானம் புதியதன்று. நெல்லைப் பெரிதும் நம்ப முடியாத தீவு மண் எங்களுடையது, நம்பத்தக்கது பனை. அதன் பாளையிலிருந்து ஊறும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை ஆயத்தமாகவே உண்டு. முளைகட்டவும் வேண்டாம், மதுவம் தூவவும் வேண்டாம். காற்றிலும் பழைய முட்டியிலும் உள்ள மதுவமே போதும். சில மணி நேரத்திற் கள் ஆகிவிடும்.

அதே நீரைக் கள்ளாகாமற் காப்பது சுண்ணாம்பு. முட்டியின் உட்புறத்தில் அதனைப் பூசிக் கட்டினால் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. மறுநாள் இறங்குவது தித்திக்கும் கருப்பநீர். என் ஆச்சி எங்கள் வளவுப் பனைகளிற் சுண்ணாம்பு முட்டியன்றி வேறெதனையுங் கட்ட விடமாட்டார். ஏறத்தாழ 8 லீற்றர் கருப்பநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ பனங்கட்டி கிடைக்கும். பாகு பதம் வரும்வரை அடுப்பைவிட்டு அகலாமல் இருந்து, ஓலைக் குட்டான்களில் வார்த்து வைப்பார். அதிற் பாதி, மரம் ஏறியவரின் பங்கு. அந்தப் பாதியை அளக்கும்போது ஆச்சியின் கை ஒருநாளும் சுருங்கியதில்லை.

“ஏறுகிறவன் விழுந்தால் அவன் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?” என்பார்.

அன்று பொருள் விளங்காத அச்சொல் இன்று விளங்குகின்றது. கள் இறக்கிய அன்றே காசாகும். பனங்கட்டிக்கோ விறகு வேண்டும். ஒரு பெண்ணின் நாள் முழுதும் வேண்டும். ஆகவே, கள் தீதென்று மேடையிற் பேசிவிட்டு, கடையில் மலிவான சீனியை வாங்குவோரின் உபதேசம் மரத்தடிவரை செல்லாது. அதனினும் கொடியது, நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து ஏறியவரைக் குலத்தின் பெயரால் முற்றத்துக்கு வெளியே நிறுத்திய நம் வழக்கம். அவர்தம் மக்கள் பாளைக்கத்தியை வைத்துவிட்டு வேறு தொழில் தேடியதில் வியப்பென்ன?

1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1991ஆம் ஆண்டில் போர் எங்கள் தீவு மக்களைப் பெயர்த்தெறிந்தது. பலர் திரும்பவில்லை, பனைகள் நிற்கின்றன. பாளையைப் பக்குவமாகச் சீவும் கைகளே அரிதாகிவிட்டன. அக்கைகளை நாம் பெறவேண்டுமாயின், முதலில் உரிய விலையையும் பின்னர் உரிய மதிப்பையும் கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே கொடுத்தால் இன்னும் நன்று. தானியம் இல்லாமற் பானம் உண்டு. பிறர் உழைப்பு இல்லாத பானம் கனடாவிலும் இல்லை, இறுப்பிட்டியிலும் இல்லை.