தாத்தாவின் ஆர்மோனியமும் ஜி.ராமநாதனின் ராக் அண்ட் ரோலும்



இந்த முறை சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய படத்தின் பாட்டுகள். 1958-ல் வந்த 'உத்தம புத்திரன்'. சிவாஜி கணேசன் இரட்டை வேடம். இசை ஜி.ராமநாதன். "இவ்ளோ பழசை எவ கேப்பா?" என்று என் பக்கத்தில் உட்காருகிற தோழி கேட்டாள். நான் கேட்டேன். ஏன் என்றால் எங்கள் வீட்டில் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளாமல் இருக்கிற சண்டையில் அந்தப் படமும் ஒரு சாட்சி.

முதலில் ஜி.ராமநாதன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம்ம செஞ்சிக்கோட்டை ராஜாவின் கதை 1960-ல் 'ராஜா தேசிங்கு' என்று எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தது அல்லவா, அதற்கும் இசை அவர்தான். திருச்சி பக்கம் பிச்சாண்டார்கோயில்காரர். அவருடைய அண்ணன் கதாகாலட்சேபம் செய்வார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். அப்படித்தான் இசைக்கு வந்தார். பிறகு தியாகராஜ பாகவதர் படங்களுக்கு வேலை செய்தார். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் அவர் பங்கும் உண்டு. 1957-ல் வந்த 'அம்பிகாபதி' பாட்டுகளைக் கேட்டால் கல்யாணி, முகாரி என்று கச்சேரிக்குப் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷமே உத்தம புத்திரனில் 'யாரடி நீ மோகினி' வந்தது. 2008-ல் தனுஷ் படத்துக்கு வைத்த பெயரும் இதுதான், அதனால் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாட்டை முழுசாகக் கேட்டவர்கள் நம் வகுப்பில் குறைவு. டி.எம்.எஸ். நிதானமாக ஆரம்பிக்கிறார். பெண் குரல்கள் சேர்ந்துகொள்கின்றன. பாதியில் வேகம் திடீரென்று எகிறுகிறது. கைதட்டல், மேல்நாட்டு வாத்தியம், ஹெலன் ஆட்டம். அது ராக் அண்ட் ரோல். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கஷ்டத்தைச் சொல்லிப் பாடிய ப்ளூஸ் பாட்டிலிருந்து வளர்ந்து, 1950-களில் உலகம் பூரா பரவின இசை. இந்தியில் சி.ராம்சந்திரா 1957-ல் 'ஆஷா' படத்தில் அதைப் போட்டார். தமிழில் நம்ம ஆர்மோனியக்காரர் போட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் தாத்தா தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு விடிய விடியக் கூத்து நடக்கும். முகவீணை, மிருதங்கம், தாளம், தாத்தாவின் பெட்டி, இவ்வளவுதான். சித்தப்பாவும் அதே ஜமாவில் வேஷம் கட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கடன் வாங்கி ஒரு கீபோர்டு வாங்கிவந்தார். தாம்பூலம் வைக்க வருகிறவர்களே "கீபோர்டு இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். தாத்தா அன்றைக்கே பெட்டியைத் துணியால் மூடிவிட்டார். அதற்கப்புறம் கூத்துக்குப் போகவில்லை. ஆயா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போடுகிறாள்.

தாத்தா சொல்வது: "ராமநாதனே அந்த மோகினி பாட்டுலதான் கெட்டாரு பாப்பா. பெட்டி வாசிச்ச கை, ஊரான் சத்தத்துக்குப் போயிடுச்சி."

சித்தப்பா சொல்வது: "அப்படிப் போனதாலதான் இன்னைக்கும் அந்தப் பாட்டு ஓடுது."

அதனால்தான் சித்தப்பாவின் போனில் உத்தம புத்திரன் பாட்டுகளை ஒவ்வொன்றாக, ஒரு வாரம் ராத்திரியில் கேட்டேன். படத்தையும் பார்த்தேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

அதே படத்தில்தான் 'காத்திருப்பான் கமலக்கண்ணன்' இருக்கிறது. பி.லீலா பாடியது, பரதநாட்டியப் பாட்டு. அதில் ராக் அண்ட் ரோல் ஒரு துளி கூடக் கலக்கவில்லை. காதல் பாட்டு மென்மையாக வேறு மாதிரி போகிறது. அப்படியென்றால் அந்த வேகமான பாட்டை யாருக்குக் கொடுத்தார்? விக்கிரமனுக்கு. இரண்டு சிவாஜியில் அவன்தான் கெட்டவன், குடியும் கூத்துமாக இருக்கிற இளவரசன். அவனுக்கு அந்தச் சத்தம் பொருந்துகிறது. ஜி.ராமநாதன் புதுசு வந்துவிட்டதே என்று எல்லாப் பாட்டிலும் அள்ளிக் கொட்டவில்லை. கதையில் எந்த இடத்துக்கு அது வேண்டுமோ அங்கே மட்டும் வைத்தார். மூன்று வருஷம் கழித்து 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்குப் பாரதியார் பாட்டுகளுக்கு இசையமைத்தார். அதைக் கேட்டுவிட்டு இவர் கெட்டுப்போனார் என்று யாராவது சொல்ல முடியுமா?

கூத்தையும் இதே மாதிரிதான் பார்க்கிறேன். கட்டியங்காரன் வந்து சிரிக்கவைக்கும்போது சித்தப்பா கீபோர்டில் சினிமா மெட்டுப் போட்டால் சின்னப் பிள்ளைகள் தூக்கத்தை விட்டு எழுந்து உட்காருகிறார்கள். அது நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் போன வருஷம் துகில் உரியும் இடத்தில் திரௌபதி அழும்போதும் ஒரு சினிமா மெட்டு வந்தது. என் பக்கத்தில் இருந்த பாட்டி, அம்மன் முன்னால் அழுவதற்காகவே முந்தானையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தில் தாத்தாவின் பெட்டி இருந்திருக்க வேண்டும்.

தாத்தாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். நம் ராகங்களின் நெளிவு சுளிவு அதில் வராது என்று 1940-ல் அகில இந்திய வானொலியில் அதற்குத் தடையே போட்டார்கள். 1971-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். அன்றைக்கு 'ஊரான் சத்தம்' என்று ஒதுக்கின பெட்டியைத்தான் இன்றைக்கு நம் கூத்தின் உயிர் என்கிறோம்.

இதையெல்லாம் தாத்தாவிடமும் சித்தப்பாவிடமும் தனித்தனியாகச் சொன்னேன். சித்தப்பா "துகில் உரியறதுக்கு அவரே வாசிக்கட்டும், நானா வேணாங்கறேன்?" என்றார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. "நீ பரீட்சைக்குப் படி" என்றார். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் பழைய பாட்டு, புதுப் பாட்டு என்று சண்டை நடக்கும். இரண்டையும் முழுசாகக் கேளுங்கள். எது பழசு, எது புதுசு என்று பார்க்காமல், எது எந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். திருவிழாவுக்குக் கூத்துப் பார்க்கவும் வாருங்கள். கூட்டம் இருந்தால்தான் இரண்டு பெட்டிக்கும் வேலை இருக்கும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி