தும்பாவில் கேட்ட கணக்கு

சென்ற ஆண்டு என் தமக்கையின் கணவரோடு, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலுள்ள விண்வெளி அருங்காட்சியகத்தைக் காணச் சென்றேன். அத்தான் குமரிக் கடலில் நாற்பது ஆண்டுகள் வலை வீசியவர். இன்று அருங்காட்சியகமாக நிற்பது, ஒருகாலத்தில் அவரைப் போன்ற மீனவ மக்கள் திருப்பலி கண்ட மகதலா மரியா ஆலயம். புவிகாந்த நடுக்கோடு அவ்வூருக்கு அருகே செல்வதால், ஏவூர்தி ஆய்வுக்கு ஏற்ற இடமென அது தேர்ந்தெடுக்கப்பட்டது. விக்ரம் சாராபாயின் வேண்டுகோளை ஏற்று, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களிடம் பேசி இசைவு பெற்றார். ஊர் வேறிடம் பெயர்ந்தது, ஆலயம் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அக்கரையிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது.

செயற்கைக்கோள் மாதிரிகளை நெடுநேரம் நோக்கிய அத்தான், "கோயிலையும் வீட்டையும் விட்டுக் கொடுத்த சனத்துக்கு என்ன திரும்பி வந்தது, தம்பி?" என்று கேட்டார்.

அரசின் ஏட்டில் இதற்கு ஒரு விடை உண்டு. 2024–25 நிதியாண்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய். பெருந்தொகைதான், எனினும் நடுவண் அரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் அது 30 காசுக்கும் குறைவே. இத்துறையில் இடும் 1 ரூபாய், நாட்டின் பொருளாதாரத்துக்கு 2 ரூபாய் 54 காசாகப் பயன் தருகிறது என 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஆயினும், அதே பணம் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ சென்றிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. பயன் யார் கையில் சேர்ந்தது என்பதையும் சொல்லாது.

ஆகவே அத்தானிடம் ஒடிசாவைப் பற்றிச் சொன்னேன். 1999-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-இல் பைலின் புயல் தாக்கியபோதோ, சுமார் 10 லட்சம் பேர் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு நூறை எட்டவில்லை. வானிலிருந்து புயலைக் கண்காணித்த செயற்கைக்கோள்களும், கரையில் எழுப்பிய காப்பகங்களும், வீடு வீடாகச் சென்று அழைத்தவர்களும் சேர்ந்து காத்த உயிர்கள் அவை. கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோள் அளந்து தர, மீன் திரளக்கூடிய இடங்களை ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்க்கு அறிவிப்பதையும் சொன்னேன். தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சமல்லவா?

அத்தான், "ஒக்கி?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். 2017 நவம்பர் இறுதியில் அப்புயல் குமரிக்கு அருகே விரைந்து வலுத்தது. வானத்துக் கண்கள் அதைக் கண்டன. ஆனால் பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் சென்றிருந்த படகுகளுக்குச் செய்தி எட்ட வழியில்லை. குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் பலர் வீடு திரும்பவில்லை. அத்தானின் தம்பி மகனும் அவர்களுள் ஒருவன்.

விண்வெளிக்கு இட்ட பணம் வீணென்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. கோடிகள் செலவிட்டுச் செயற்கைக்கோளை ஏற்றிவிட்டு, படகில் வைக்கும் சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்குக் கணக்குப் பார்த்தால், அந்தச் சிறு சிக்கனமே பெருஞ்செலவை வீணாக்கிவிடும். விதைக்குச் செலவிட்டவன் அறுவடைக் கூலிக்குத் தயங்கலாகாது. 2019-இல், கரைத்தொடர்பு அற்ற ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. படகிலிருந்து செய்தி அனுப்பும் கருவிகளும் பின்னர் வந்தன. இவற்றைப் படகுதோறும் சேர்ப்பதே விண்வெளிச் செலவின் கடைசித் தவணை.

வெளியே வருகையில், பீடம் இருந்த பக்கம் திரும்பி அத்தான் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பேருந்தில் ஏறியபின் மெல்லச் சொன்னார்: "சின்னவன் படகில் அந்தக் கருவி இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்க்கவேண்டும்."

ஆலயத்தைக் கொடுத்தவர்களின் கணக்கு அந்தப் படகில்தான் நேராகும்.